மெகாபிக்சல் குறைஞ்சா கேமரா மட்டமா? ஜி10, ஜி11 ரெண்டையும் வச்சு ஒரு எளிய விளக்கம்

அக்கா மகன் போன வாரம் போன் பண்ணான். "மாமா, பழைய கேமரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், ரெண்டு பார்த்து வச்சிருக்கேன், ஒண்ணு கேனான் பவர்ஷாட் ஜி10, இன்னொண்ணு ஜி11, ஜி10ல 14.7 மெகாபிக்சல்னு போட்டுருக்கு, ஜி11ல வெறும் 10தான் இருக்கு, ஆனா ஜி11க்கு விலை கூடச் சொல்றாய்ங்க, ஏமாத்துறாய்ங்களா?"

ஏமாத்தல மாப்ளன்னு சொன்னேன். சொல்லிட்டு அரை மணி நேரம் போன்லயே விளக்குனேன், அப்பவும் அவனுக்கு முழுசா பிடிபடல, சரி இத உக்காந்து எழுதிருவோம், இதே கேள்வி இருக்குற மத்தவங்களுக்கும் ஆகும்னுதான் இது. ரெண்டு கேமராவும் என்கிட்ட இருக்கு, ரெண்டையும் தூக்கிட்டு மதுர தெப்பக்குளத்துல இருந்து கீழக்குயில்குடி வரைக்கும் அலைஞ்சிருக்கேன், அதனால பார்த்ததத்தான் சொல்றேன்.

முதல்ல இந்த வரிசையப் பாருங்க. ஜி7 வந்தது 2006ல, 10 மெகாபிக்சல். ஜி9 2007ல, 12.1. ஜி8னு ஒண்ணு வரவே இல்ல. ஜி10 2008 செப்டம்பர்ல அறிவிச்சாங்க, 14.7. அதுக்கு அடுத்த வருசம், 2009 ஆகஸ்ட்ல, ஜி11னு ஒண்ணு வருது, அதுல 10. அதாவது மூணு வருசத்துக்கு முன்னாடி எங்க இருந்தாங்களோ அதே நம்பருக்குத் திரும்பிட்டாங்க. அப்போ கடைல கேமரா வாங்கப் போறவங்க எல்லாம் முதல்ல கேக்குறதே "எத்தன மெகாபிக்சல்"னுதான், பெட்டி மேல பெருசா அச்சடிக்கிறதும் அந்த நம்பரத்தான், அப்படிப்பட்ட காலத்துல ஒரு கம்பெனி தானே நம்பரக் குறைச்சு புது மாடல் விடுதுன்னா அதுக்குப் பின்னாடி காரணம் இருக்கணும்ல, அந்தக் காரணம் புரிஞ்சுட்டா எந்தக் கேமராவ எந்தக் கேமராவோட வச்சுப் பார்த்தாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

சென்சார்ங்கறது என்ன? ஃபிலிம் கேமராவுல ஃபிலிம் இருக்குற இடத்துல டிஜிட்டல் கேமராவுல இருக்குற சில்லுதான் சென்சார். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் அதுல விழுகுது. அது முழுக்க குட்டிக் குட்டிக் கட்டமா பிரிச்சிருக்கும், ஒரு கட்டம் ஒரு பிக்சல், பத்து லட்சம் பிக்சல் சேர்ந்தா ஒரு மெகாபிக்சல். ஜி10ல 147 லட்சம் கட்டம், ஜி11ல 100 லட்சம் கட்டம். இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரியாத விசயம் என்னன்னா ரெண்டு கேமராவுலயும் சென்சார் அளவு ஒண்ணுதான். 1/1.7 இஞ்ச்னு சொல்லுவாங்க, அது சும்மா பேருக்கு, நெசமான அளவு சுமாரா 7.6 மில்லிமீட்டருக்கு 5.7 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்துக்குள்ள அடங்கிரும். லென்ஸும் ஒண்ணுதான், 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராக் கணக்குல 28ல இருந்து 140 மில்லிமீட்டர் வரைக்கும் போற 5 மடங்கு ஜூம்.

இப்போ பங்குனி வெயில்ல அம்மா மொட்டமாடில கூழ்வத்தல் ஊத்துறத நெனச்சுக்கங்க. ஒரே ஒரு பழைய வேட்டி விரிச்சிருக்கு. அதுல 100 வத்தல் ஊத்தலாம், கொஞ்சம் பெருசு பெருசா வரும். அதே வேட்டில 147 வத்தல் ஊத்தணும்னா? வேட்டி பெருசாகாது, வத்தல்தான் சிறுசாகும். வேட்டி மேல விழுகுற மொத்த வெயிலும் அதேதான், ஆனா ஒரு வத்தலுக்குன்னு கிடைக்கிற வெயில் கம்மியாயிருது. ஜி10ல ஒரு பிக்சல் சுமாரா 1.7 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்) அகலம், ஜி11ல 2.1 மைக்ரான் கிட்ட. கேக்குறதுக்கு பெரிய வித்தியாசம் மாதிரி தெரியாது, ஆனா பரப்பளவுல பார்த்தா ஜி11ல ஒவ்வொரு பிக்சலுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு வெளிச்சம் கிடைக்குது.

வெளிச்சம் கம்மியா கிடைச்சா என்ன ஆகும்? இங்கதான் கொஞ்சம் நிதானமாப் படிங்க, ஏன்னா எல்லாரும் "நாய்ஸ் வரும், கிரெயின்ஸ் அடிக்கும்"னு சொல்லிட்டுப் போயிருவாங்க, ஏன் வருதுன்னு சொல்ல மாட்டாங்க. வெளிச்சம்ங்கறது ஒரே சீரா ஓடுற தண்ணி மாதிரி வர்றதில்ல, மழத்துளி மாதிரி ஒண்ணொண்ணா விழுகுது. மழ ஆரம்பிக்கிறப்ப மொட்டமாடித் தட்டோட்டப் பார்த்திருக்கீங்களா, ஒரு ஓட்டுல அஞ்சு துளி விழுந்திருக்கும், பக்கத்து ஓட்டுல ரெண்டுதான் விழுந்திருக்கும், ஒண்ணு காஞ்சே கெடக்கும். மேல இருந்து பெய்யுறது ஒரே மழதான், ஆனா ஓட்டுக்கு ஓடு கணக்கு மாறுது. அதே மழ பத்து நிமிசம் கொட்டுனா எல்லா ஓடும் ஒரே மாதிரி நனைஞ்சிரும், அங்கிட்டு அஞ்சு துளி கூட இங்கிட்டு அஞ்சு துளி குறைய விழுந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கேமராவுலயும் அதே கததான். பகல்ல ஒவ்வொரு பிக்சல்லயும் ஆயிரக்கணக்குல துளி விழுகுது, படம் வழவழன்னு இருக்கு. ராத்திரில துளி எண்ணிக்க கம்மி, அதனால ஒரே வானத்துல ஒரு பிக்சல் கொஞ்சம் வெளிச்சமாவும் பக்கத்து பிக்சல் கொஞ்சம் இருட்டாவும் பதிவாகுது, அதுதான் குருணை குருணையாத் தெரியுது.

ஐஎஸ்ஓ அப்படிங்கறத வெளிச்சத்தக் கூட்டுற பட்டன்னு நெறையப் பேரு நெனக்கிறாங்க. அது வெளிச்சத்தக் கூட்டாது. திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டுவாங்கல்ல, மைக்குல பேசுறவரு மெதுவாப் பேசுனா செட்காரரு வால்யூம் ஏத்துவாரு, குரல் பெருசாக் கேக்கும், கூடவே அந்த கர்ர்ருங்கற இரைச்சலும் சேர்ந்து பெருசாக் கேக்கும். ஐஎஸ்ஓ 80ல இருந்து 800க்கு ஏத்துறீங்கன்னா பத்துல ஒரு பங்கு வெளிச்சத்த வச்சுக்கிட்டு வால்யூமப் பத்து மடங்கு ஏத்துறீங்கன்னு அர்த்தம். குரல் ஏற்கனவே கணீர்னு இருந்தா வால்யூம் ஏத்துனாலும் தாங்கும்.

ஒரு விசயத்த நேர்மையாச் சொல்லிரணும். சின்னப் பிக்சல்னாலே படம் கெட்டுப் போச்சுன்னு முடிவு கட்டக் கூடாது. ஜி10 படத்த கம்ப்யூட்டர்ல முழு அளவுல பெருசாக்கிப் பார்த்தா குருணை நெறையாத் தெரியும், ஆனா அதே படத்த ஜி11 படம் அளவுக்குச் சின்னதாக்கிப் பார்த்தா பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் ஒண்ணோட ஒண்ணு கலந்து குருணை கொஞ்சம் அமுங்கிரும், வித்தியாசம் பாதிக்கு மேல குறைஞ்சிரும். ஏன்னா வேட்டி அதே வேட்டி, மொத்த வெயில் அதே வெயில். மிச்சம் இருக்குற வித்தியாசம் எதுனாலன்னா, ஜி11ல போட்டது புது சென்சார், அதுல இருந்து வர்ற கணக்கத் தொடைச்சு எடுக்குற வேலையையும் நல்லாப் பண்ணியிருக்காங்க. என் கண்ணுக்கு ஜி11 ஒரு ஸ்டாப் கூட வருது, அதாவது ஜி10ல 400ல எடுத்தா எப்படி இருக்குமோ அப்படி ஜி11ல 800ல இருக்கு. இத நான் எப்படிப் பார்த்தேன்னு சொல்றேன்.

போன தை மாசம் ஒரு சாயங்காலம், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். ரெண்டு கேமராவையும் கொண்டு போயிருந்தேன், கூட அத்தை வந்திருந்தாங்க, அவங்களுக்குக் காத்து வாங்கணும், எனக்கு டெஸ்ட் பண்ணணும். இருட்டி மைய மண்டபத்துல லைட் போட்டதும் கேமராவ கரைச் சுவர் மேல ஒரு துண்ட மடிச்சு வச்சு அது மேல உக்கார வச்சேன், ஐஎஸ்ஓ 80, எஃப் 4 (லென்ஸ் வாசல் எம்புட்டு திறக்குதுங்கற நம்பர்), ரெண்டு செகண்ட் டைமர், எட்டு செகண்ட் எக்ஸ்போஷர், அதாவது அம்புட்டு நேரம் வெளிச்சத்த உள்ள விடுறது. ஜி10ல ஒண்ணு, ஜி11ல ஒண்ணு. வீட்டுக்கு வந்து பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பார்த்தா எது எதுன்னு சொல்ல முடியல, உத்துப் பார்த்தா மண்டபத்துத் தூண் ஓரம், மேல இருக்குற சுதை வேலை எல்லாம் ஜி10ல ஒரு நூல் கூடுதலாத் தெளிவா இருக்கு. ஆமா, ராத்திரில எடுத்த படத்துல பழசுதான் ஜெயிக்குது! ஏன்னா எட்டு செகண்ட் திறந்து வச்சதுல மழ கொட்டித் தீர்த்திருச்சு, எல்லா ஓடும் நனைஞ்சிருச்சு, அப்போ பிக்சல் கூட இருக்குறது லாபம்தான்.

அடுத்து அத்தைய அதே சுவர்ல உக்கார வச்சு தெருவிளக்கு வெளிச்சத்துல எடுத்தேன். அவங்க எட்டு செகண்ட் அசையாம இருப்பாங்களா, கதை சொல்லிக்கிட்டே இருப்பாங்க, அதனால கையில பிடிச்சு ஐஎஸ்ஓ 800. அன்னைக்கு அவங்க கட்டியிருந்தது அரக்குக் கலர் சுங்குடி. சுங்குடில முடிச்சுப் போட்டுச் சாயம் முக்கி எடுத்த வெள்ளப் புள்ளி கடுகு கடுகா இருக்கும்ல, ஜி11 படத்துல தோள்பட்டைல இருந்து முந்தி வரைக்கும் அந்தப் புள்ளிய எண்ணலாம். ஜி10 படத்துல தோள்பட்டைல இருக்கு, மடில வெளிச்சம் குறையுற இடத்துல புள்ளியக் காணோம், வெறும் அரக்குச் சேலை மாதிரி இருக்கு. என்ன நடந்துச்சுன்னா, கேமரா ஜேபெக் படம் உண்டாக்குறப்ப குருணையத் தேச்சு அழிக்கும், அதுக்குச் சுங்குடிப் புள்ளி எது குருணை எதுன்னு தெரியல, எல்லாத்தையும் சேர்த்து அழிச்சிருச்சு. அதே ஷாட்ட ரா ஃபைல்லயும் (சென்சார்ல பதிவானத கேமரா தேச்சு அழிக்காம அப்படியே வைக்கிற ஃபைல்) எடுத்து வச்சிருந்தேன், அத கம்ப்யூட்டர்ல நான் கையால டெவலப் பண்ணப்ப பாதிப் புள்ளி திரும்பக் கிடைச்சது, குருணையோட கிடைச்சது, ஆனா கிடைச்சது. ரெண்டு கேமராவுலயும் ரா இருக்கு, ஜி10 வாங்குறவங்க ராத்திரி எடுக்கணும்னா ராவுல எடுக்கப் பழகியே ஆகணும்ங்கறது என் கருத்து.

சரி, அப்போ ஜி10 எதுக்கு? பகலுக்கு. சமணர் மலைல பேச்சிப்பள்ளம்னு ஒரு இடம் இருக்கு, கீழக்குயில்குடி அய்யனார் கோயில் தாமரக் குளத்துக்கிட்ட இருந்து படி ஏறிப் போகணும், பாறைல தீர்த்தங்கரர் சிற்பம் வரிசையாச் செதுக்கியிருப்பாங்க, அதுக்குக் கீழ வட்டெழுத்துல கல்வெட்டு இருக்கும். காலைல வெயில் சாஞ்சு விழுகுறப்ப ஒவ்வொரு எழுத்தோட பள்ளத்துலயும் நிழல் கட்டி நிக்கும். அந்த நேரத்துல ஜி10 ஐஎஸ்ஓ 80ல எடுத்த படம் ஒண்ணு என்கிட்ட இருக்கு, பெருசாக்கப் பெருசாக்க எழுத்து வந்துக்கிட்டே இருக்கு, உளி பட்ட தடம் தெரியுது, பாறைல ஒட்டியிருக்குற பாசித் திட்டு தெரியுது. ஜி11ல அதே இடத்துல நின்னு எடுத்ததுல எழுத்து இருக்கு, ஆனா சின்ன எழுத்தோட வளைவு ஓரத்துல கொஞ்சம் மொழுக்குன்னு ஆயிருது. இந்த மாதிரி அசையாத பொருள், நல்ல வெளிச்சம், பொறுமையா எடுக்குற ஆளுன்னா 14.7 சும்மா போட்ட நம்பர் இல்ல.

ஆனா அந்த வித்தியாசம் எம்புட்டுன்னும் கணக்குப் போட்டுப் பாருங்க. ஜி10 படம் 4416க்கு 3312 பிக்சல். ஜி11 படம் 3648க்கு 2736. அகலத்துல பார்த்தா 21 சதவீதம்தான் கூட. 14.7க்கும் 10க்கும் நடுவுல பாதி தூரம் இருக்குற மாதிரி தோணும், ஆனா நீளத்துக்கும் அகலத்துக்கும் பிரிச்சுட்டா இம்புட்டுதான். பிரிண்ட் போடுறப்ப நல்ல தரத்துக்கு ஒரு இஞ்ச்க்கு 300 பிக்சல்னு வைப்பாங்க, அந்தக் கணக்குல ஜி11 படத்த 12க்கு 8 இஞ்ச் தாராளமாப் போடலாம். வீட்டுச் சுவர்ல மாட்டுற படம் பெரும்பாலும் அதுக்குள்ளதான் இருக்கும். போன் ஸ்கிரீன்ல பார்க்குறதுக்குன்னா ரெண்டுமே தேவைக்கு மேல.

மெகாபிக்சலுக்கு வெளியவும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, என்னைக் கேட்டா பாதிப் பேரு ஜி11 வாங்க அதுவே போதும். ஸ்கிரீன். ஜி10ல 3 இஞ்ச் ஸ்கிரீன் முதுகுல ஒட்டி நிக்கும். ஜி11ல 2.8 இஞ்ச், கொஞ்சம் சிறுசு, ஆனா கதவு மாதிரித் திறந்து எந்தப் பக்கம் வேணாலும் திருப்பலாம். சித்திரத் திருவிழாவுல அழகர் ஆத்துல எறங்குறப்ப போயிருக்கீங்கன்னா இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல. விடியல் நேரம், வைகை ஆத்துக்குள்ள தலைக்கு மேல தல, எக்கிப் பார்த்தாலும் முன்னாடி நிக்கிறவரு முதுகுதான் தெரியும். கேமராவக் கையத் தூக்கித் தலைக்கு மேல பிடிச்சு, ஸ்கிரீனக் கீழ பார்க்கத் திருப்பிக்கிட்டா தங்கக் குதிரைல அழகர் எங்க வர்றாருன்னு பார்த்தே எடுக்கலாம். ஜி10ல அதே மாதிரி கையத் தூக்கி எடுத்தா குத்துமதிப்பாத்தான் எடுக்கணும், நான் அப்படி எடுத்ததுல பாதிப் படத்துல குடை இருக்கும், சாமி இருக்காது. இன்னொண்ணு, அந்த நேரத்துக்கு ஐஎஸ்ஓ 800, 1600 வேணும், அங்கயும் ஜி11தான். ஒரு எச்சரிக்கை, தோப்பறைல (தோல் பைல) தண்ணி பீச்சுறவங்க பக்கத்துல நிக்காதீங்க, ரெண்டு கேமராவுக்கும் தண்ணி ஆகாது, ஒரு பிளாஸ்டிக் கவர்ல லென்ஸுக்கு மட்டும் ஓட்ட போட்டு மாட்டிக்கங்க.

ஜூம் பத்தி ஒரு வார்த்த. லென்ஸ் மேல எஃப் 2.8-4.5ன்னு எழுதியிருக்கும். ஜூம் பண்ணாம 28ல எடுக்குறப்ப வாசல் 2.8 அளவுக்குத் திறக்கும், முழுசா ஜூம் பண்ணி 140க்குப் போனா 4.5 வரைக்கும்தான் திறக்கும், அப்போ உள்ள வர்ற வெளிச்சம் இரண்டரை மடங்கு குறைஞ்சிரும். நம்பர் ஏற ஏற வாசல் சுருங்கும்னு ஞாபகம் வச்சுக்கங்க. அதனால ராத்திரில தூரத்துல இருந்து ஜூம் பண்ணி எடுக்காம நாலு எட்டு நடந்து கிட்டப் போய் 28ல எடுத்தீங்கன்னா ஜி10ல எடுத்த படம் ஜூம் பண்ணி எடுத்த ஜி11 படத்த விட நல்லா இருக்கும். இத நெறையப் பேரு கவனிக்கிறதில்ல, ஆயிரக்கணக்குல காசு போட்டு அடுத்த மாடல் வாங்குறாங்க, நாலு எட்டு நடக்க மாட்டேங்குறாங்க.

மத்ததெல்லாம் வெரசாச் சொல்லிர்றேன். ரெண்டுலயும் மேல ஐஎஸ்ஓவுக்குத் தனி டயல், எக்ஸ்போஷர் கூட்டிக் குறைக்கத் தனி டயல், மெனுவுக்குள்ள போய்த் தேட வேண்டாம், கத்துக்கிறவங்களுக்கு இத விட நல்ல வசதி கிடையாது. ரெண்டுலயும் கண்ணு வச்சுப் பார்க்குற கண்ணாடி வியூஃபைண்டர் இருக்கு, மதுர வெயில்ல ஸ்கிரீன் கருப்பாத் தெரியுறப்ப அதுதான் கை கொடுக்கும், ஆனா படத்துல விழுகுறதுல முக்கால் பங்குதான் அதுல தெரியும், ஓரத்துல என்னென்னமோ வந்துரும், பார்த்துக்கங்க. ரெண்டுமே ஒரு செகண்டுக்கு ஒரு படம் சொச்சம்தான் எடுக்கும், அலங்காநல்லூர், பாலமேடுன்னு ஜல்லிக்கட்டுக்குத் தூக்கிட்டுப் போனா மாடு வாடிவாசல் தாண்டுற நேரத்துல ஒரு படம் எடுப்பீங்க, அடுத்தது எடுக்குறதுக்குள்ள மாடு போயிரும், அதுக்கு இது ஆகாது. வீடியோ ரெண்டுலயும் 640க்கு 480தான், அதுக்கு உங்க போனே போதும். வீடியோ வேணும்னா 2010ல வந்த ஜி12ல 1280க்கு 720 இருக்கு.

போன்னு சொன்னதும் அடுத்த கேள்வி வரும்னு தெரியும், மருமகனும் கேட்டான். இப்போ வர்ற நல்ல போன் ராத்திரில இந்த ரெண்டையும் விட நல்ல படம் எடுக்கும், அதுல சந்தேகமே இல்ல. போன் பட்டன அமுக்குறப்ப ஒரு படம் எடுக்குறதில்ல, கண்ணிமைக்கிற நேரத்துல நாலஞ்சு எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிச் சராசரி போட்டுத் தருது, அஞ்சு தடவ பெஞ்ச மழயச் சேர்த்துக் கணக்குப் பார்த்தா ஓட்டுக்கு ஓடு வித்தியாசம் குறையும்ல, அதே வித்தைதான். அப்புறம் எதுக்கு இந்தப் பழைய கேமரான்னா, அடுக்குற வேலைய போன் தானா முடிச்சிரும், ஏன் நல்லா வந்துச்சு, ஏன் கெட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. ஜி10, ஜி11ல டயலத் திருப்புனா என்ன ஆகுதுன்னு உடனே கண்ணுல தெரியும், வெளிச்சம், வாசல், நேரம் மூணுக்கும் உள்ள கணக்கு விரல்ல ஏறும். நான் ஃபோட்டோ எடுக்கக் கத்துக்கிட்டது ஜி10லதான், அந்த நன்றி எனக்கு அது மேல எப்பவும் உண்டு.

இதே கணக்க வேற கேமராவுக்குப் போட்டுப் பாருங்க. ஜி10 வந்த அதே 2008ல பேனசோனிக் எல்எக்ஸ்3னு ஒண்ணு விட்டாங்க, சென்சார் கிட்டத்தட்ட இதே அளவு, மெகாபிக்சல் 10.1ல நிறுத்திக்கிட்டு வாசல எஃப் 2க்குத் திறந்தாங்க, 2.8ஓட ஒப்பிட்டா வெளிச்சம் ரெண்டு மடங்கு. ஜூம் மட்டும் 24ல இருந்து 60 வரைக்கும்தான். ஜூம் வேண்டாம், ராத்திரிதான் முக்கியம்னா எல்எக்ஸ்3யும் தேடலாம். அப்புறம் 2012ல சோனி ஆர்எக்ஸ்100 வந்துச்சு, 20.2 மெகாபிக்சல், ஜி11ஓட ரெண்டு மடங்கு. அப்போ பிக்சல் சின்னதாயிருக்குமேன்னு கேப்பீங்க, இல்ல, அதுல சென்சார் 13.2 மில்லிமீட்டருக்கு 8.8. ஜி11ஓட வேட்டிய விட இரண்டரை மடங்குக்கும் மேல பெரிய வேட்டி. வத்தல் எண்ணிக்க ரெண்டு மடங்கு, வேட்டி அதுக்கும் மேல பெருசு, ஒவ்வொரு வத்தலும் ஜி11ல இருந்தத விடப் பெருசு. அதனால யாராவது ரெண்டு கேமராவ வச்சு எது நல்லதுன்னு கேட்டா நான் மெகாபிக்சலக் கேக்க மாட்டேன், முதல்ல சென்சார் எத்தன மில்லிமீட்டர்னு கேப்பேன், அடுத்து லென்ஸ் வாசல் எம்புட்டுன்னு கேப்பேன், எந்த வருசத்து மாடல்னு கேப்பேன், மெகாபிக்சல் அதுக்கப்புறம்தான்.

இப்போ வாங்கப் போறவங்களுக்கு. ரெண்டுமே பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆன கேமரா, அதனால மாடல விட அந்தக் குறிப்பிட்ட கேமரா எப்படி இருக்குங்கறதுதான் பெருசு. கையில வாங்கி ஆன் பண்ணி லென்ஸ் வெளிய வர்றப்ப காது கொடுத்துக் கேளுங்க, மண்ணு அரைக்கிற மாதிரி நறநறன்னு கேட்டா கீழ வச்சுட்டு வந்துருங்க. ஜூம முழுசா உள்ள வெளிய பத்து தடவ ஓட்டிப் பாருங்க. லென்ஸ கையால நல்லா மூடி 15 செகண்ட் எக்ஸ்போஷர் ஒண்ணு எடுத்துப் பெருசாக்கிப் பார்த்தா கோளாறான பிக்சல் (ஹாட் பிக்சல்னு சொல்லுவாங்க) எல்லாம் நட்சத்திரம் மாதிரித் தெரியும், நாலஞ்சு இருந்தா பரவால்ல. ஜி11ஆ இருந்தா ஸ்கிரீன் திருப்புற கீல ஆட்டிப் பாருங்க, திருப்புறப்ப ஸ்கிரீன் மினுக்குனா உள்ள ஒயரு தேஞ்சிருக்குன்னு அர்த்தம்.

பேட்டரில கவனமா இருங்க. ரெண்டுக்கும் என்பி-7எல்ங்கற ஒரே பேட்டரிதான், அதனால ரெண்டும் வச்சிருந்தா மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். எனக்கு ஒரு கடைல ஒரிஜினல்னு சொல்லி ஒண்ணு கொடுத்தாங்க, மூணு மாசத்துல உப்பிப் போய் ஜி10க்குள்ளயே சிக்கிக்கிச்சு, கேமராவக் கவுத்து ரப்பர் வச்சு இழுத்து இழுத்து அரை நாள் ஆச்சு வெளிய எடுக்க. பேட்டரி வாங்குனா மேசை மேல படுக்க வச்சு சுத்தி விட்டுப் பாருங்க, பம்பரம் மாதிரிச் சுத்துனா வயிறு உப்பியிருக்கு, வேண்டாம். வெயில்ல வண்டி டேங்க் கவர்ல கேமராவ வச்சுட்டுப் போற பழக்கமும் வேண்டாம். கார்டு 32 ஜிபிக்கு மேல வாங்காதீங்க, அந்தக் காலத்துக் கேமராவுக்கு அதுக்கு மேல போனா சிக்கல்.

மருமகன் கிட்ட கடைசியா ஒண்ணுதான் கேட்டேன், நீ எப்போ எடுக்கப் போற, எங்க எடுக்கப் போறன்னு. காலேஜ் முடிச்சு சாயங்காலம்தான் டைம் கிடைக்கும் மாமா, மாசி வீதி, புதுமண்டபம் பக்கம், ரோட்டுக்கடைன்னு சுத்தலாம்னு இருக்கேன்னான். அப்போ ஜி11 வாங்குன்னு சொல்லிட்டேன், விலை கூட இருந்தாலும். லீவு நாள்ல மலைக்குப் போறப்ப என் ஜி10ஐ வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லியிருக்கேன், ஞாயித்துக்கிழம காலைல ஆறு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான், ரெண்டு பேட்டரியும் இப்போ சார்ஜ்ல கெடக்கு.